மடிப்பில் இருந்த வரி

வேப்பனப்பள்ளி
12-6-1956

கல்கத்தாவில் இருக்கும் மகன் திம்மராயனுக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நீ சுகமாக இருக்க வேண்டும். இங்கும் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. உன் அம்மாவின் வலது கால் முட்டியிலிருந்து கணுக்கால் வரை கொப்புளமாக வெந்து கிடக்கிறது, நாலு நாளாகக் காய்ச்சல். செய்தது நான்தான்.

அவளுடைய முட்டி வீக்கத்துக்கு வழி கேட்டதற்கு உன் ஆராய்ச்சியைப் பற்றிப் படம் போட்டு எழுதியிருந்தாயே, மாம்பட்டை, கடுக்காய் இவற்றின் துவர்ப்பில் ஆறு கரியணுக்கள் வளையமாக இருக்கும், அந்த வளையத்தில் இரண்டு கைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வீக்கம் தணியும் போலிருக்கிறது, தள்ளித் தள்ளி இருந்தால் அவ்வளவாக இல்லை என்று. சேங்கொட்டை எண்ணெயிலும் அதே வளையம், அதே இரண்டு கைகள் என்பதோடு தாள் முடிந்திருந்தது. உடனே துணி வெளுக்கும் முனிவேலிடம், அவன் துணிக்குக் குறி போட வைத்திருக்கும் சேங்கொட்டையை வாங்கிச் சுட்டு, வடிந்த எண்ணெயை முட்டியில் பூசிவிட்டேன். "இது துணிக்குத்தானுங்க, தோலுக்கு ஆவாதுங்க" என்று அவன் அடித்துக்கொண்டான். என் மகனைவிட உனக்குத் தெரியுமா என்று அவன் வாயை அடைத்தேன்.

எதைப் பார்த்துப் பூசினீர்கள் என்று டாக்டர் கேட்டதால் நேற்று உன் கடிதத்தைத் தேடினேன். இன்லண்ட் லெட்டரை நான் ஓரம் கத்தரித்துத்தானே பிரிப்பேன், அப்படி வெட்டிய மடிப்பு பஞ்சாங்கத்தில் அடையாளத்துக்குச் செருகியிருந்தது. இடம் போதாமல் அதில் எழுதியிருக்கிறாய், ஆனால் சேங்கொட்டையின் வளையத்தில் நீண்ட வால் ஒன்று உண்டு, அது தோலுக்குள் இறங்கிப் புண்ணாக்கும், தொடவே கூடாது என்று. சீழ் வைத்தால் காலை எடுக்க வேண்டிவரும் என்கிறார் டாக்டர். அந்த வாலுக்கு மாற்று மருந்து உண்டா என்று உன் ஆராய்ச்சிக்கூடத்துப் பெரியவர்களிடம் கேட்டுத் தந்தியடி. நான் தந்தி கொடுக்கிறேன் என்றால் அம்மா விடவில்லை, "புள்ள பயந்துடுவான், படிப்பு கெடும்" என்கிறாள். இந்தக் கடிதமும் அவளுக்குத் தெரியாமல்தான் ஆரம்பித்தேன், பார்த்துவிட்டாள்.

மழையில் நனையாதே, வேளைக்குச் சாப்பிடு. இனிமேல் எதைத் தொடக்கூடாதோ அதை முதல் வரியில் எழுது. தீர்க்காயுசாக இரு. என்னைப் போல நீயும் ஓரம் கத்தரித்துப் பிரித்திருந்தால் அந்தத் துண்டை எறிந்துவிடாதே, மடிப்பில் அம்மா சொன்னதை எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா ராமப்பன்

மடிப்பில்: "முட்டி வலி இப்ப சுத்தமா தெரியலைன்னு எழுதுங்க, சந்தோசப்படுவான்" என்கிறாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் காலைத் தொட்டுப் பார்த்தேன், தொட்டதுகூட அவளுக்குத் தெரியவில்லை. உடனே புறப்பட்டு வா.