வியாழக்கிழமை ஐயர்

மயிலாப்பூர்,
4-7-1974, வியாழன்

சிரஞ்சீவி ரகுபதிக்கு அம்மா அபயாம்பாள் அநேக ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. கபாலி கிருபையில் நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம். பிலாயில் நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

இந்தத் தடவையும் என் கோழிக் கிறுக்கல்தான். கடிதம் எழுதுவது என்றைக்கும் உன் அப்பாவின் இலாகா. அவர் ஒரு கார்டு எழுதினால்கூட அச்சடித்த மாதிரி இருக்கும். இப்போது என்னவோ எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டார். கேட்டால் பேனா சரியில்லை என்றார். புதுப் பேனா வாங்கி வந்தேன், மசி சரியில்லை என்கிறார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை. பேப்பரும் அப்படித்தான். முன்பெல்லாம் முதல் பக்கத்தை எனக்குத் தரமாட்டார். இப்போது "நீ படி, நான் கேக்கறேன்" என்று ஈஸிசேரில் சாய்ந்துவிடுகிறார். நான் அடுப்பைப் பார்ப்பேனா, அரசாங்கத்தைப் பார்ப்பேனா?

ராத்திரி ஷிப்டு முடிந்து சைக்கிளில் வரும்போது தெருவிளக்கைச் சுற்றிக் கலர் கலராக வளையம் தெரிகிறது என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தை மட்டும் அப்பா இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். உடனே கண் டாக்டரிடம் காட்டும்படி எழுதச் சொன்னார். நான் சொல்கிறேன், அதெல்லாம் வேண்டாம். அது உங்கள் ஃபாக்டரிப் புகை. கண் டாக்டரிடம் போனால் சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டி அனுப்புவான். ஜாதகம் வருகிற சமயத்தில் அது எதற்கு? சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி. நல்லெண்ணெயை முகர்ந்து பார்த்து வாங்கு. வடக்கத்திக் கடைக்காரர்கள் கலப்படம் செய்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

ஜாதகம் என்றதும் நினைவு வருகிறது. உன் அப்பா எனக்குத் தெரியாமல் உனக்குப் பெண் பார்க்கிறார். வியாழக்கிழமை வந்தால் மத்தியானச் சாப்பாடு ஆனதும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். எங்கே என்றால் "ஐயராத்துக்கு" என்கிறார். எந்த ஐயர் என்றால் ஞானாபரணம் ஐயராம், மந்தைவெளிக்கு அப்பால் வீடாம், திருநெல்வேலிப் பக்கத்து மனிதராம். இரண்டு பெண்களாம். மூத்தவள் பி.ஏ. படித்தவள், கோயிலில் பாடுகிறாளாம், ஹார்மோனியம் வாசிப்பாளாம். வீணை சொல்லித்தராமல் ஹார்மோனியத்தை எதற்குச் சொல்லித்தந்தார்கள் என்று எனக்குக் கொஞ்சம் நெருடுகிறது. என்ன கோத்திரம் என்று கேட்டேன். "கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் போயிருக்கிறார். நீ ஒன்றும் தெரியாதவன் மாதிரியே இரு.

இப்படிக்கு உன் நலம் வேண்டும்
அம்மா


மயிலாப்பூர்,
23-8-1974

ரகுபதிக்கு ஆசீர்வாதம்.

க்ஷேமம் எழுதுகிற நிலைமையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீ உட்கார்ந்துகொண்டு படி.

அந்த ஐயர், ஐயர் இல்லை.

நேற்று அப்பா கிளம்பிப் போனபிறகு, தேன்குழல் ஒரு டப்பா, தாழம்பூ இரண்டு, எல்லாம் எடுத்துக்கொண்டு நானும் கிளம்பினேன். பெண்ணை ஒரு பார்வை பார்த்துவிட்டால் இவர்கள் மூடி மறைப்பது தெரிந்துவிடும் அல்லவா? குளத்தங்கரையில் ரிக்‌ஷா போடுகிற ஷரஃபுதீன்தான் அப்பாவை வாராவாரம் கொண்டுபோய் விடுகிறவன். அவன் வண்டி திரும்பி வந்ததும், அதே ஐயர் வீட்டுக்கு விடு என்றேன். மந்தைவெளி தாண்டி ஒரு காம்பவுண்டு வாசலில் நிறுத்தினான். நிமிர்ந்து பார்த்தால் கூரைமேல் சிலுவை. "ஏண்டாப்பா, ஐயராத்துக்குன்னா விடச் சொன்னேன்" என்றேன். "ஐயரு வூடு இதான் மாமி. பாதிரி ஐயரு. மெத்தடிஸ்டு கோயிலு. இன்னா மாமி, தெரியாமலா கீறீங்க? சாரு எத்தினி மாசமா வந்துகினு கீறாரு!" என்கிறான். 

அவர்கள் பாதிரியாரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்களாம். அடுத்த வீட்டு ஜானு அப்புறம் சொன்னாள். நான் கும்பகோணத்தையும் கல்லிடைக்குறிச்சியையும் நினைத்துக்கொண்டு கோத்திரம் கேட்டிருக்கிறேன் பார்!

இறங்கி, கேட்டுக்கு வெளியே நின்றபடியே பார்த்தேன். மரத்தடியில் ஆற்றோரத்துக் குடிசைக் குழந்தைகளுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நம் பால்காரன் ஊற்றுவதைவிடக் கெட்டியாகத்தான் இருந்தது. சும்மா யார் கொடுப்பார்கள், இன்றைக்குப் பால், நாளைக்கு அவர்கள் வேதம். ஒரு பக்கம் பெண்களுக்குத் தையல் வகுப்பு. தாழ்வாரத்தில் மருந்து வாங்க ஒரு கூட்டம். ஊரையே வளைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் உன் அப்பா நிற்கிறார். வெள்ளை அங்கி போட்ட நெட்டையான ஒருவர் வந்து அவர் கையைப் பிடித்து, கல்யாணப் பெண்ணை மணைக்கு அழைத்துப் போகிற மாதிரி மெதுவாகப் படியேற்றிப் பக்கத்து ஹாலுக்குள் கூட்டிக்கொண்டு போனார். உன் அப்பாவும் குழந்தை மாதிரி கூடவே போகிறார். நான் தேன்குழலை ஷரஃபுதீனிடமே கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

இப்போதுதான் ஒவ்வொன்றாக எனக்குப் புரிகிறது. சாயங்காலம் ஆனால் கோயில் பக்கம் தலை வைப்பதே இல்லை. கேட்டால் இருட்டு, பள்ளம் என்கிறார். எதிர் வீட்டு வேதாந்தம் மாமா தெருவில் கைகூப்பினால் பார்க்காத மாதிரி போகிறார். அவர் என்னிடம் வந்து வருத்தப்பட்டார். கூடத்து முக்காலியை நான் ஜன்னலோரம் நகர்த்தினேன் என்று, தடுக்கி விழுந்துவிட்டு, வீடு இரண்டுபட ஒரு கத்தல். விளக்குக்கூடப் போடாமல் உட்கார்ந்துகொண்டு மடியில் துண்டை விரித்து அதன்மேல் விரலை நகர்த்துகிறார், இடமிருந்து வலமாக, உதடு அசைகிறது. முதலில் காயத்ரி என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டேன். என் புத்தியை என்ன சொல்ல.

இன்று காலை அவர் குளிக்கப் போனபோது படுக்கையைப் புரட்டினேன். அடியில் தடித்த காக்கிக் காகிதம் ஒரு கட்டு. ஓர் எழுத்து இல்லை. புள்ளி புள்ளியாக மேடு. கோலப் புள்ளி என்றால் வரிசை இருக்கும், சமம் இருக்கும். இதில் ஓரிடத்தில் இரண்டு, ஓரிடத்தில் நாலு, ஓரிடத்தில் ஒன்று. ஜானுவிடம் காட்டினேன். மந்திரித்துக் கொடுத்ததாக இருக்கலாம் மாமி, திரும்ப வைத்துவிடுங்கள் என்றாள். வைத்துவிட்டேன். பூணூல் இருக்கிறதா என்று தூங்கும்போது பார்த்தேன். இருக்கிறது. எத்தனை நாளைக்கோ.

எனக்குப் பயமாக இருக்கிறது ரகு. முப்பத்தைந்து வருஷம் ஒரு தட்டில் சாப்பிட்ட மாதிரி இருந்துவிட்டு, இந்த வயசில் இவர் ஒரு கோயில், நான் ஒரு கோயில் என்று ஆகிவிடுமா? என்னை விட்டுப் போகிற மனிதரை எப்படிப் பிடித்து வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இன்று காலைகூட, நீ கண் டாக்டரிடம் காட்டினாயா என்று கேட்டார். நேரமில்லையாம் என்றேன். "எழுது, எழுது" என்று பிடுங்கி எடுக்கிறார். தன் வண்டவாளத்தை மறைக்க உன் பேச்சை எடுக்கிறார். எனக்கா தெரியாது! வருகிற வியாழக்கிழமையோ அதற்கடுத்த வியாழக்கிழமையோ அந்தப் பாதிரியாரை நேருக்கு நேராக நாலு வார்த்தை கேட்கப் போகிறேன்.

அம்மா


மயிலாப்பூர்,
6-9-1974

என் கண்ணே ரகுபதி,

உனக்கு எல்லா ஆசீர்வாதமும். இதை ஜானு வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்றுப் போனேன். ரிக்‌ஷாவில் போகும்போதே பாதிரியாரிடம் கேட்க வேண்டியதை எல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கேட்டைத் தாண்டி நேரே அந்த ஹாலின் ஜன்னலுக்குப் போனேன். ஜெபம் நடக்கும், தண்ணீர் தெளிப்பார்கள், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று எட்டிப் பார்த்தேன். பெஞ்சில் ஏழெட்டுப் பேர். எதிரே நின்று சொல்லிக்கொடுத்தவருக்கு நெற்றி நிறைய விபூதி. பஞ்சாட்சரம் என்று பெயராம், பிறவியிலேயே கண் தெரியாதவர். பெஞ்சில் இருந்தவர்களும் அப்படித்தான். பாதிக்கு மேல் நம்மவர்கள், ஒரு முஸ்லிம் பையன், கழுத்தில் சிலுவை போட்ட ஒரு வேதக்கார அம்மாள். நடுவில் உன் அப்பா. அந்தக் காக்கிக் காகிதத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார். "ப... டி. படி. படியில்... கறு" என்றார். "ஏறு சார், ஏறு! படியில எவனாவது கறுப்பானா?" என்றார் பஞ்சாட்சரம். எல்லாரும் சிரித்தார்கள். உன் அப்பாவும் சிரித்தார். வீட்டில் அவர் அப்படிச் சிரித்து எத்தனையோ நாளாகிறது.

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை, பார். இவர் எதற்குக் கண் தெரியாதவர்களோடு உட்கார்ந்திருக்கிறார், இது என்ன வேஷம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் பாதிரியார் சம்சாரம் என்னைப் பார்த்துவிட்டாள். அவளை ஐயரம்மா என்கிறார்கள். "சார் வீட்டம்மாதானே? உள்ள வாங்கம்மா, உக்காருங்க" என்று கையைப் பிடித்துத் தாழ்வாரத்தில் உட்காரவைத்தாள். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். நீ சிரிக்காதே. அப்புறம்தான் அவள் உன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள்.

கண்ணுக்குள் நீர் அழுத்தமாம். வலிக்காதாம், சிவக்காதாம், திருடன் மாதிரி வருமாம். இடது கண் போயே போய்விட்டது. வலது கண்ணில் நடுவில் மட்டும் ஜன்னல் வழியாகப் பார்க்கிற மாதிரி கொஞ்சம் தெரிகிறதாம். பக்கத்தில் ஆள் வந்தால் தெரியாது, காலடியில் முக்காலி இருந்தால் தெரியாது. சொட்டு மருந்து போட்டு அந்தக் கொஞ்சத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அது எத்தனை நாளைக்கு என்று டாக்டருக்கே தெரியாதாம். இருக்கிறபோதே விரலைப் பழக்கிக்கொள்கிறேன் என்று தானாகவே வந்து சேர்ந்தாராம். மதம் மாற வந்தவரா என்று கேட்டேன், வெட்கத்தை விட்டு. அந்த அம்மாள் கோபப்படவில்லை. "சார் எங்க ஐயர்கிட்ட ஒரு பிரசங்கம்கூடக் கேட்டதில்லம்மா. தூக்கம் வருதுன்னு சொல்லிடுவாரு" என்றாள்.

வீட்டில் ஏன் சொல்லவில்லையாம், அதையும் கேட்டேன். சொல்லத் தயங்கினாள். விடவில்லை. பாதிரியாரே ஒருநாள் அப்பாவிடம், வீட்டுக்கு வந்து நான் பக்குவமாகச் சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறார். அதற்கு உன் அப்பா சொன்னாராம்: "வேண்டாம் ஐயரே. எங்காத்துல அவளுக்கு எல்லாத்து மேலயும் சந்தேகம். சந்தேகமே வராம இருக்கறது இது ஒண்ணுதான். அதையும் நான் கெடுக்கலை."

நான் அங்கேயே தாழ்வாரத்தில், தையல் படிக்கிற பெண்கள் எல்லாம் பார்க்க, ஹாலில் இருக்கிற உன் அப்பாவுக்குக் கேட்காதபடி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதேன். பால்காரனைச் சந்தேகப்பட்டேன், ஹார்மோனியத்தைச் சந்தேகப்பட்டேன், பச்சைக் குழந்தைகள் குடிக்கிற பாலைச் சந்தேகப்பட்டேன். பேப்பரை என்னிடம் நீட்டினபோது, பேனா சரியில்லை என்றபோது, டபராவுக்கு வெளியே காபியை ஆற்றினபோது, எனக்கு ஒன்றும் தோன்றவில்லையே. ஐயரம்மா என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். பாவம், நல்லவள். அவர்கள் செய்வதெல்லாம் எதற்கு என்று இன்னமும் எனக்குத் தெரியாது. உன் அப்பா கையைப் பிடித்துப் படியேற்றுகிறார்கள், அதற்கு மேல் நான் கேட்கப் போவதில்லை.

அவர் வருவதற்கு முன் நான் வீட்டுக்கு வந்து, முக்காலியைப் பழைய இடத்தில் வைத்தேன். இனி எதையும் நகர்த்தமாட்டேன். அவர் வந்து செருப்பைக் கழற்றினதும், "ஐயராத்துப் பொண்ணு ஜாதகம் என்ன ஆச்சு" என்று கேட்டேன். "பொருந்தலை" என்றார். "விடுங்கோ, வேற பார்க்கலாம்" என்றேன். தெரியாத மாதிரியே இருக்கிறேன். அவருக்கு அதுதான் வேண்டுமென்றால் எனக்கும் அதுவே. என்றைக்கு அவரே சொல்கிறாரோ அன்றைக்குச் சொல்லட்டும்.

இனிமேல்தான் நான் எழுத வந்தது. கிளம்பும்போது ஐயரம்மா இன்னொன்று சொன்னாள். இந்த வியாதி குடும்பத்தில் வழிவழியாக வருமாம். தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கும் பார்க்கவேண்டுமாம். சிறு வயசிலேயே பிடித்துவிட்டால் காப்பாற்றலாமாம். உன் அப்பா அந்த வளையத்தை ஏன் இரண்டாம் தடவை படிக்கச் சொன்னார், ஏன் எழுது எழுது என்று என்னைப் பிடுங்கினார் என்று இப்போது தெரிகிறது. நான்தான் புகை என்று எழுதினேன். எண்ணெய் தேய்த்துக் குளி என்று எழுதினேன். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

வளையம் இன்னும் தெரிகிறதா? இது கையில் கிடைத்த அன்றைக்கே லீவு போட்டுவிட்டு, ராய்ப்பூரோ நாக்பூரோ, பெரிய கண் டாக்டர் எங்கே இருக்கிறாரோ அங்கே போ. அப்பாவுக்கு இன்னது என்று அவரிடம் சொல். டாக்டர் என்ன சொல்கிறாரோ, அதை ஜானு வீட்டு விலாசத்துக்கு எழுது. நம் வீட்டுக்கு வருகிற கடிதத்தை நான் அப்பாவுக்கு உரக்கப் படிக்கவேண்டும், என் குரல் என்னைக் காட்டிக்கொடுத்துவிடும். வீட்டுக்கு எழுதுவதில் மழை பெய்தது, மெஸ்ஸில் சாம்பார் நன்றாக இல்லை என்று எப்போதும் போல எழுது.

கண்ணாடி போட்டாலும் பரவாயில்லை, பெண் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. என் ஆயுசில் நான் எத்தனையோ சந்தேகப்பட்டிருக்கிறேன், எல்லாம் பொய்யாகத்தான் போயிருக்கிறது. இதுவும் பொய்யென்று ஒரே ஒரு வரி எழுதிவிடு, ராஜா. கபாலி உன் கண்ணைக் காக்கட்டும். ஐயரம்மாவும் தன் சாமியிடம் கேட்டுக்கொள்கிறேன் என்றாள். கேட்டுக்கொள்ளம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா