எட்டில் ஒரு வாய்ப்பு

1971 கார்த்திகை, வியாழன்

காலையிலிருந்து தூறல். தர்மபுரி முழுக்கச் சேறு. தமிழ்வழி பி.எஸ்சி. மாணவர்களுக்குப் புள்ளியியல் குறிப்பு எழுதும் வேலை. ஈருறுப்புப் பரவல் முடிந்தது. பாய்சான் பரவல் பாதியில். வாங்க வேண்டியவை: மை, மண்ணெண்ணெய், அம்மாவுக்கு இருமல் மருந்து.

மாலை ஏரியூரிலிருந்து மாதையனின் அப்பா ஆள் அனுப்பியிருந்தார். தங்கை காவேரியைப் பையனுக்குப் பிடித்திருக்கிறது. ஜாதகம் வேண்டாம். ஞாயிறு அவர்கள் குலசாமி கோயிலில் பூக் கேட்டுவிடலாம். வெள்ளை வந்தால் கல்யாணம், சிவப்பு என்றால் இல்லை. ஆனால் ஒரு பூ போதாதாம். முன்பு இரண்டு இடங்களில் இவளுக்குச் சிவப்பு வந்த சேதி அவர் காதுக்கு எட்டிவிட்டது. ஆகவே தொடர்ந்து மூன்று வெள்ளை.

ஒரு பூவுக்குப் பாதி வாய்ப்பு. மூன்றுக்கு எட்டில் ஒன்று. அடுத்தடுத்து மூன்று வெள்ளை வரச் சராசரியாகப் பதினான்கு முறை எடுக்க வேண்டும். பெரியவர் தருவது மூன்று.

இந்த இடமும் தவறினால் அடுத்தது யார் என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். பென்னாகரத்துப் புளி மண்டிக்காரர். ஐம்பது வயது, தாரமிழந்தவர். அவர் பூக் கேட்பதில்லை.

வெள்ளி

மழை இல்லை. கொசு. சித்தப்பா வந்தார்.

"ரெண்டு வாட்டி செவப்பு வந்தாச்சில்ல? இனி வெள்ளதான் வந்தாவணும். சாமிக்கும் ஒரு ஞாயம் இருக்குதுப்பா."

அம்மா அடுப்படியிலிருந்து: "சாமி ரெண்டு வாட்டி வேணாம்னு சொல்லிடுச்சி. மறுக்கா போயி அதுகிட்ட வாயாடணுமா?"

இரண்டும் தவறு. பெருக்குப் பரவலுக்கு ஞாபகசக்தி கிடையாது. முன்பு எத்தனை சிவப்பு வந்தது என்பது அடுத்த பூவுக்குத் தெரியாது. இதைத் தேற்றமாகவே நிறுவலாம். நிறுவினேன். சித்தப்பா பொறுமையாகக் கேட்டார்.

"பரிச்சைக்குச் சரிப்பா. பூவுக்குத் தெரியணுமில்ல?"

பூவுக்குத் தெரியாது என்பதுதான் தேற்றம். விட்டுவிட்டேன்.

மூன்றில் இரண்டு வெள்ளை வந்தால் போதும் என்று பேசிப் பார்க்க அவரையே ஏரியூருக்கு அனுப்பினேன். ஒத்துக்கொண்டால் எட்டில் ஒன்று எட்டில் நான்காகும், சரிபாதி.

இரவு பாய்சான். அரிதாக, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல், முன்னறிவிப்பின்றி வரும் நிகழ்ச்சிகள். காவேரிக்கு வரும் வரன்கள் பொருந்தும். சராசரியும், அதிலிருந்து விலகும் அளவான பரவற்படியும் சமம். எதிர்பார்ப்பு எவ்வளவோ கலக்கமும் அவ்வளவு. மாணவர்களுக்கு வேறு எடுத்துக்காட்டு தேட வேண்டும்.

சனி

மதிய பஸ்ஸில் சித்தப்பாவும் காவேரியும். அவள் ஏரியூர் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். மாதையன் பள்ளிக்கு எதிரே யூனியன் ஆபீசில் கிளார்க்.

சித்தப்பா: "மூணுன்னா மூணுதானாம். கத்திரிக்கா வாங்கற மாதிரி பேரம் பேசறாரே வாத்தியாருன்னு சிரிக்கறாங்க."

காவேரிக்குக் கணக்கை மெதுவாகச் சொன்னேன். "எட்டுல ஒண்ணுன்னா, ஒண்ணு இருக்குதில்லீங்கண்ணா" என்றாள். இன்னொரு கை சோறு போட்டுக்கொண்டாள். மோர் கேட்டாள்.

இவள் மனசு இவ்வளவு மரத்துவிட்டதா? நான் பாதியில் கை கழுவினேன்.

ஞாயிறு

வெயில். கோயிலில் கூட்டமில்லை. பூக் கட்டுவது மாப்பிள்ளையின் வேலையாம். பூவரச இலையில் அரளிப் பூ வைத்து நூல் சுற்றிய பொட்டலங்கள், சாமி காலடியில் இரண்டிரண்டாக. ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு. பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். மற்றதைப் பிரிக்கக் கூடாது, சாமி குத்தம். கிணற்றில் விட வேண்டும்.

முதல் பொட்டலம். வெள்ளை. அம்மா என் முழங்கையைப் பிடித்தாள்.

இரண்டாவது. வெள்ளை. நகம் பதிந்தது.

"மூச்சு விட்றாதீங்க, இன்னும் ஒண்ணு இருக்குது" என்றார் மாதையனின் அப்பா. சந்தோஷமாகத்தான் சொன்னார்.

பூசாரியின் விரல் ஒன்றைத் தொட்டது. விட்டது. இன்னொன்றுக்குப் போனது. மறுபடி முதலாவதற்கே வந்தது. இப்போது பாதிக்குப் பாதி. கண்ணை மூடி என்னமோ முணுமுணுத்தேன். பாடத்திட்டத்தில் இல்லாதது.

வெள்ளை.

அம்மா அழுதாள். சித்தப்பா என்னைப் பார்த்து, "நாஞ் சொல்லல?" என்றார். பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க சாமி பொய் சொல்லாதுங்க" என்றார். மாதையன் மட்டும் பிரிக்காத பொட்டலங்களை அவசர அவசரமாக வாரிக்கொண்டு கிணற்றுக்கு ஓடினான். வியர்த்திருந்தது. ஒன்று நழுவி என் காலருகே விழுந்தது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

திங்கள்

மூட்டம். பொட்டலம் மேசைமேல், குறிப்புத் தாள்களுக்கு நடுவே. இலை வாடவில்லை.

உள்ளே சிவப்பானால் ஒன்றுமில்லை; எட்டில் ஒன்று நடந்திருக்கிறது, அவ்வளவுதான். வெள்ளையானால் இரண்டுமே வெள்ளை, அது பாதி வாய்ப்பே இல்லை. பெரியவருக்குத் தெரிந்தால் கல்யாணம் நிற்கும். பிரித்துப் பார்க்காமல் விட்டால், நான் எதற்குப் புள்ளியியல் நடத்துகிறேன்?

நூலில் கை வைத்தேன். காவேரி காப்பியோடு நின்றாள்.

"அதப் பிரிக்காதீங்கண்ணா."

"சாமி குத்தமா?"

"வெள்ளதான்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"எங்க ஸ்கூல் வேலியில செவப்பு அரளியே இல்லீங்க. ஆறு பூவும் நாந்தான் பறிச்சு அவருகிட்ட குடுத்தேன்."

காப்பியை வைத்தாள். போகவில்லை.

"அவங்கப்பாகிட்ட சொல்லிடுவீங்களா?"

பொட்டலத்தைக் கொல்லைக் கிணற்றில் விட்டேன். பிரிக்கவில்லை.

பத்து மணிக்கு வகுப்பு. குறிப்பில் சேர்த்தது: ஒரே மதிப்பை மட்டும் ஏற்கும் மாறிக்குப் பரவற்படி பூஜ்யம். எடுத்துக்காட்டு தேவையில்லை.