சிவப்புக் கயிறு கட்டிய சாவி

மச்சான்,

மத்தியானச் சோறு ஹாட்பாக்ஸில் இருக்கிறது. சாம்பார் அடுப்பு மேல். அதன் மூடியை இன்றைக்கு நான் திறக்கும் முன்னாலேயே ஹவுஸ் ஓனர் திறந்துவிட்டார்.

கதவை உள்ளே பூட்டிவிட்டுத்தான் குளிக்கப் போனேன். ஈரத்தலையோடு வெளியே வந்தால், மனுசன் அடுப்படியில் நின்று சட்டியை மோந்து பார்க்கிறார். எப்படி உள்ளே வந்தீர்கள் என்று கத்தினேன். அசரவே இல்லை.

"உன் புருசன்தாம்மா சாவி குடுத்தாப்ல. நாங்க கவுச்சியே சமைக்க மாட்டோம், எப்ப வேணும்னாலும் வந்து பாத்துக்கங்கன்னு சொன்னாப்லயே."

அவர் கையில் அழகர்கோவில் சிவப்புக் கயிறு கட்டிய சாவி. தொலைந்துவிட்டது என்று நீங்கள் சொன்னதை நம்பி, பீரோவுக்கு அடியிலெல்லாம் நான் படுத்துத் தேடிய அதே சாவி.

வாடகை வீடென்றாலும் முந்தின நாளே சொல்லிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்று சட்டமே இருக்கிறதாம். அவரிடம் அதைச் சொல்லிச் சண்டை போட்டுக்கொள்வேன். உங்களிடம் எந்தச் சட்டத்தைச் சொல்ல?

சைவம் என்று பொய் சொல்லி வீடு பிடித்தது நீங்கள். அந்தப் பொய்யைக் காப்பாற்ற இந்த அடுப்பில் ஒரு முட்டைகூட உடைக்காமல் இருப்பது நான்.

சிம்மக்கல்லுக்குப் பூட்டு வாங்கப் போகிறேன். சாயங்காலத்துக்குள் ஆசாரியைக் கூப்பிட்டு மாட்டிவிடுவேன்.

முனீஸ்வரி

தயிர் ஃபிரிட்ஜில். மறக்காமல் ஊற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. புதுச் சாவி எல்லாமே என்னிடம்தான் இருக்கும். கடையை அடைத்துவிட்டு வந்து கதவைத் தட்டுங்கள். யாரென்று கேட்டுவிட்டுத்தான் திறப்பேன்.