சீட்டில் எழுதிய நாலு

நார்விக்,
ஏப்ரல் 16, 1940

அன்புள்ள போர்கில்டுக்கு,

உன் பெடர் எழுதுவது. தபால் நின்றுவிட்டது, லோஃபோட்டன் போகிற மீன்படகுக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வீட்டில் சமையலறைக் கண்ணாடி இரண்டு உடைந்ததோடு சரி. உன் தங்கைக்குப் பிரசவம் நல்லபடியாக ஆயிற்றா? குழந்தையைக் குளிரில் வெளியே எடுக்க வேண்டாம்.

போன செவ்வாய் விடியற்காலை, பனிப்புயலோடு ஜெர்மானியர் வந்துவிட்டார்கள். நம் பிள்ளை ஈவர் வேலை பார்த்த காவல் கப்பலை மூழ்கடித்துவிட்டார்கள். அதிலிருந்து உயிரோடு கரையேறியவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தப் பட்டியலை மூன்று முறை படித்தேன். அவன் பெயர் இல்லை. எனக்கு அழுகைகூட வரவில்லை, போர்கில்ட்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அதற்கு முந்தின ஞாயிறு ஒரு ஜெர்மன் சரக்குக் கப்பலுக்கு வழிகாட்டி, துறைமுகத்துக்குள் கொண்டுவந்தவன் நான்தான். இரும்புத்தாது ஏற்ற வருகிறதாம். தாதுக்கு வருகிற கப்பல் காலியாக வரும், நாலு மீட்டர்தான் நீரில் இறங்கியிருக்கும். இது ஏழு மீட்டர், உள்ளே ஏதோ பாரம் இருந்தது. துறைமுகத்தில் கொடுக்கிற கப்பல் விவரச் சீட்டிலும் ஏழு என்றே எழுதினேன். அந்தச் சீட்டை வைத்துத்தான் தலைநகருக்குத் தந்தி போகும், காவல் கப்பலுக்கும் நகல் போகும். மேலதிகாரி சிரித்தார். "என்னய்யா பெடர், கண்ணாடி மாத்தணுமா? நாம யார் சண்டைக்கும் போகல, நம்ம மேல எவன் வரப்போறான்? ஊரைக் கிளப்பாம நாலுன்னு திருத்துங்க" என்றார். திருத்திவிட்டேன்.

அன்று மாலை ஈவர் காப்பிக்கு வந்தபோது சொன்னேன். "சீட்டுல என்னப்பா போட்டீங்க?" என்றான். நாலு என்றேன். "அப்ப நாலுதான். உங்களுக்கு எந்தக் கப்பலப் பாத்தாலும் சந்தேகம்" என்று கேலி செய்துவிட்டு, பாலாடைக்கட்டியை ஒரு துண்டு விடாமல் தின்றுவிட்டுப் போனான்.

ஜெர்மானியர் வந்த மறுநாளே அந்தக் கப்பலிலிருந்து தோட்டாப் பெட்டிகளாக இறக்கினார்கள். அதிகாரி என்னைக் கண்டால் வேறு தெருவில் திரும்பிவிடுகிறார். அவரைத் திட்டவும் தெம்பில்லை. திருத்தியது என் கை.

பள்ளிக்கூடத்தில், கரை ஒதுங்கிய பதினொரு பேரின் உடல்களைக் கிடத்தியிருக்கிறார்கள். கடலில் கொட்டிய கப்பல் எண்ணெயில் கிடந்ததில் முகம் தெரியவில்லை. இரண்டு பேர் ஈவர் உயரம். இரண்டு முறை போய் நின்றுவிட்டு, எவன் நம் பிள்ளை என்று தெரியாமல் திரும்பினேன். சலவையில் மாறாமலிருக்க நீ அவன் கம்பளிச் சட்டைக் கழுத்துக்குள் நூல் அடையாளம் போடுவாயே. ஒருவனுக்கு உள்ளே சிவப்பு நூல், மற்றவனுக்குப் பச்சை. இத்தனை வருஷத்தில் நான் அதைக் கவனித்ததே இல்லை.

நீ வராதே, வழியெல்லாம் சண்டை. கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும். சனிக்கிழமை அடக்கம் செய்யப்போகிறார்கள். அதற்குள் இதே படகுக்காரரிடம் நிறத்தை மட்டும் எழுதியனுப்பு.

உன்,
பெடர்