நிலைய வரலாற்றில் கோமதியின் பெயர்

என் அன்புக் கோமதிக்கு,

நம்ம ரேடியோ நிலையத்தின் வரலாற்றைப் புத்தகமாகப் போட்டுவிட்டார்கள். அதில் உன் பெயர் இருக்கிறது. நேற்று ஸ்டுடியோவில் விழா. முதல் பிரதிகளில் ஒன்றை என் கையில் கொடுத்தார்கள். ஸ்ரீரங்கம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததும் பிரித்துப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவரிடம், "இது என் சம்சாரம்ங்க" என்று காட்டினேன். முன்பின் தெரியாத மனுஷர். "அப்படிங்களா, சந்தோஷம்" என்றார்.

இந்தப் பெயர் லேசில் வரவில்லை. நீ போய் இரண்டு வருஷத்தில் நான் செய்த உருப்படியான காரியம் இதுதான்.

ஆறு மாதம் முன்பு, புத்தகம் தயாராகிறது என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். பொறுப்பில் இருப்பது ஒரு இளம்பெண், நல்ல பிள்ளை. வேலை பார்த்தவர்கள் பட்டியலைக் காட்டினாள். ஒலிபரப்புகிற டிரான்ஸ்மிட்டரில் வேலை பார்த்த நான் இருக்கிறேன். தோட்டக்காரர் இருக்கிறார். முப்பது வருஷம் மைக் முன்னால் உட்கார்ந்த நீ இல்லை.

"சார், கேஷுவல் அறிவிப்பாளர்கள் பேரு சம்பளப் பதிவேட்டுல வராது. மாசத்துக்கு ஆறு டூட்டி பார்த்தவங்க. எதை வெச்சுப் போடுறது?" என்றாள். "அவங்க பேசின டேப் ஏதாவது இருக்கா?"

டேப்பா? ஒன்றின் மேலேயே இன்னொன்றைப் பதிவு செய்த காலம் அது. உன் குரல் எதிலும் மிச்சமில்லை.

உனக்கு ஞாபகம் இருக்கா, முதல் தடவை குரல் தேர்வில் உன்னைத் தள்ளிவிட்டார்கள். குரல் சரி, ஆனால் படிப்பது வீட்டில் பேசுகிற மாதிரி இருக்கிறது என்றார்கள். முசிறியிலிருந்து பஸ் ஏறி மறு வருஷமும் வந்தாய். ஒரு வருஷமாகச் செய்தித்தாளைச் சத்தம் போட்டுப் படித்தே தேறிவிட்டாய். அப்புறம் ஸ்டுடியோவுக்கும் ஊருக்கு வெளியே இருந்த எங்கள் டிரான்ஸ்மிட்டருக்கும் நடுவில் ஓடிய போன் லைனில்தான் நாம் பேச ஆரம்பித்தோம். "சத்தம் சரியா வருதாங்க?" என்று நீ கேட்பாய். சரியாக வந்தாலும், "இன்னொரு தடவை சொல்லுங்க" என்பேன்.

கல்யாணமாகி நாலாம் வருஷம் அந்த வெள்ளம் வந்தது. மேட்டூரில் தண்ணீரை முழுசாகத் திறந்துவிட்டார்கள். இங்கே மூன்று நாளாக விடாத மழை. காலையிலேயே கரண்ட் போனது. எங்கள் டிரான்ஸ்மிட்டரின் ஜெனரேட்டர் அறைக்குள் வயல் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. நானும் வாட்ச்மேனும் வாசலில் மணல் மூட்டை அடுக்கி, வாளியால் இறைத்துக்கொண்டிருந்தோம். ஜெனரேட்டர் நின்றால் நிலையமே ஊமை.

பதினொரு மணிக்கு நீ ஸ்டுடியோவில் அறிவிப்பைப் படித்தது எங்கள் ஸ்பீக்கரில் கேட்டது. "தாழ்வான பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். மாலைக்குள் நீர்மட்டம் கரையைத் தாண்டக்கூடும்." எழுதிக் கொடுத்தது அவ்வளவுதான். ஒரு நொடி அமைதி. லைன் போய்விட்டதோ என்று வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

லைன் போகவில்லை. நீதான் பேப்பரைக் கீழே வைத்திருக்கிறாய்.

"முசிறி, தொட்டியம் படுகையில இருக்கிறவங்களுக்குச் சொல்றேன். வாழைத்தோப்புக்குள்ள கொட்டகை போட்டு இருக்கீங்களே, உங்களுக்குத்தான். உலையில சோறு இருந்தாலும் அப்படியே விட்டுட்டு ரோட்டுக்கு ஏறுங்க. மாட்டை அவுத்து விடுங்க. பொழுது சாயறதுக்குள்ள தண்ணி தோப்புக்குள்ள வந்துடும். பக்கத்துத் தோப்புல ரேடியோ இல்லாதவங்க இருப்பாங்க. அவங்களுக்கும் ஒரு குரல் கொடுத்துட்டுப் போங்க."

சாயங்காலம் வரை அரைமணிக்கு ஒரு தடவை இதையே சொன்னாய். நாங்கள் இறைத்துக்கொண்டே இருந்தோம். கையெல்லாம் கொப்புளம். ஒரு நிமிஷம்கூட நிலையம் நிற்கவில்லை.

அடுத்த மாச டூட்டிப் பட்டியலில் உன் பெயர் இல்லை. எழுதிக் கொடுக்காததைப் பேசியது குற்றம். நான் போய்ச் சண்டை போடுகிறேன் என்று குதித்தேன். நீ அரிசி களைந்துகொண்டே சொன்னாய்: "விடுங்க. எங்க ஊர்ல யாரும் தன் வீட்டைத் தாழ்வான பகுதின்னு நினைக்கிறதில்லை. படுகைன்னு சொன்னாத்தான் எந்திரிப்பாங்க. நாளைக்கே வெள்ளம் வந்தாலும் இதையேதான் சொல்லுவேன்."

மூன்று மாசம் வீட்டில் இருந்தாய். அதற்குள் நிலையத்துக்குக் கார்டு மேல் கார்டு. "முசிறி அம்மா எங்கே?" என்று ஒரே கேள்வி. புதிதாக வந்த இயக்குநர் எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்துவிட்டு, உன்னைக் கூப்பிட்டு விவசாய நிகழ்ச்சியையே கொடுத்தார். "நீங்க பேசுற மாதிரியே பேசுங்கம்மா" என்றார். அன்று நீ பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரை சிரித்துக்கொண்டே வந்தாய்.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். கண் கலங்கக் கேட்டாள். ஆனால், "ஆதாரம் வேணுமே சார்" என்றாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை. மறுநாள் தொட்டியத்துக்குப் பஸ் ஏறினேன்.

டீக்கடையில், தோப்பில், வாழைமண்டியில் எல்லாம் விசாரித்தேன். மூன்று நாள் அலைந்தேன். செல்லம்மாள் என்ற வயதான அம்மா கிடைத்தார். உன் பெயரைச் சொன்னதும், "ரேடியோக்காரப் பொண்ணா? அதுக்கு நீங்க யாரு?" என்றார். சொன்னேன். சட்டென்று எழுந்து நின்றுவிட்டார், கோமதி. நான் யார், எனக்காக அவர் எழுந்து நிற்க?

அவர் சொல்லித்தான் அன்று தப்பித்த மற்றவர்கள் தெரியவந்தார்கள். ஏழு பேர் ஒரு வேன் வைத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கே வந்தார்கள். ஒவ்வொருவராக மைக் முன்னால் உட்கார்ந்து பேசினார்கள். கடைசியாக முருகேசன் என்று ஒருவர்.

அந்தப் பெண் கேட்டாள்: "நீங்க அன்னைக்கு ரேடியோவுல என்ன கேட்டீங்க?"

"நான் ஒண்ணும் கேக்கலைங்க. எங்க வீட்ல ரேடியோ கிடையாது. பக்கத்துத் தோப்புக்காரர் வந்து கூப்பிட்டாரு. உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டதுக்கு, ரேடியோல ஒரு குரல் கொடுக்கச் சொன்னாங்கன்னாரு. எங்கம்மா, நான், தங்கச்சி மூணு பேரும் ஏறி வந்துட்டோம். திரும்பிப் பார்த்தா கொட்டகை இல்லீங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று அந்த நிலையத்தில் என்னைவிட உயரமாக யாரும் நின்றிருக்க முடியாது. எங்கள் டிரான்ஸ்மிட்டர் கோபுரத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

அந்த ஏழு பேர் பேச்சையும் அப்படியே புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். உனக்கு ஒரு முழுப் பக்கம். கேஷுவல் அறிவிப்பாளர்களுக்கென்றே தனிப் பட்டியலும் சேர்த்துவிட்டார்கள். உன்னோடு டூட்டி பார்த்த பாத்திமா, ஜெயந்தி எல்லோரும் இருக்கிறார்கள். பாத்திமா போன் செய்து, "அண்ணே, என் பேரன் கிட்ட காட்டிட்டேன்" என்று சிரித்தாள்.

இப்போது மொபைலில்தான் ரேடியோ கேட்கிறார்கள். நம்ம டிரான்ஸ்மிட்டரின் மீடியம் வேவ் ஒலிபரப்பு இன்னும் எத்தனை வருஷம் ஓடுமோ, யாருக்குத் தெரியும்? நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

பட்டியலில் இன்னும் பதினோரு பேர் விட்டுப்போயிருக்கிறார்கள். உனக்கு முன்னால் வேலை பார்த்தவர்கள். ஒருவர் லால்குடிப் பக்கம் இருக்கிறாராம். இன்னொருவரின் மகள் உறையூரில் இருக்கிறாள் என்று சொன்னார்கள். அடுத்த பதிப்பில் போடுகிறேன், கண்டுபிடித்துக் கொடுங்கள் சார் என்று அந்தப் பெண் வாக்குக் கொடுத்திருக்கிறாள். நானும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். பஸ் படி ஏற முடிகிற வரைக்கும் ஒவ்வொரு வீடாகத் தேடிப் போவேன். நாளைக்கு லால்குடி.

உன் வீட்டுக்காரன்,
முசிறி மாப்பிள்ளை ரங்கராஜ்