படுக்காத தகப்பன்

கடல் தாண்டிக் கூலிப்படையில் இருக்கும் தாரிமன் அவர்களுக்கு, உங்கள் மனைவி நனசா சொல்லச் சொல்ல கிரேக்க மர வியாபாரி எழுதுவது. நானும் அத்தையும் நலம். உங்கள் நலம்தான் தெரியவில்லை.

பெண் குழந்தை பிறந்து இருபது நாளாகிறது. பெற்ற அன்று வலியே தெரியவில்லை. இப்போதும் எதுவும் தெரியவில்லை. பால் கொடுக்கிறேன், ஆடு கறக்கிறேன். யாரோ செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருக்கிறது.

பிள்ளை பெற்றவள் எழுந்து வேலை பார்க்க, தகப்பன் தலையில் துணி கட்டிப் பத்து நாள் படுத்து முனக வேண்டும் என்ற நம் வழக்கத்தைச் சொன்னதும் இந்தக் கிரேக்கர் எழுதுவதை நிறுத்திவிட்டார். "பெத்தது நீயா, அவனா?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்கட்டும். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற குடி என்று பெயரெடுத்த திபரேனிகளான நமக்குச் சிரிப்பு புதிதா என்ன?

படுக்க நீங்கள் இல்லை. உங்கள் ஆட்டுத்தோல் அங்கியைப் படுக்கையில் கிடத்தி, கழுத்துப் பக்கம் துணி சுற்றி, கஞ்சி வைத்தேன். பார்க்க வந்த பெண்கள், "என்னடி நனசா, உன் புருஷன் இப்படி மெலிஞ்சு போயிட்டான்! கஞ்சி பத்தலையா?" என்றார்கள். "எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறான், இவனையே வெச்சுக்கடி" என்றாள் ஒருத்தி. நானும் சிரித்தேனாம். பிறகு அத்தை சொல்லித்தான் தெரிந்தது.

அங்கி செல்லாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். தகப்பன் படுக்காத பிள்ளைக்குத் தகப்பன் இல்லை. மலையில் கொட்டை உதிரும் காலத்துக்குள் நீங்கள் படுக்காவிட்டால் உங்கள் தம்பி மாகா படுக்க வேண்டும். பிறகு பிள்ளை அவனுடையது, நானும் அவன் வீட்டுக்காரி. மாகா கெட்டவனில்லை. "எனக்கும் இஷ்டமில்ல அண்ணி. முடிஞ்ச மட்டும் நாளைக் கடத்துறேன், அண்ணனுக்குச் சொல்லி அனுப்புங்க" என்றான். அத்தைதான், "தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் சாண் போனா என்ன, முழம் போனா என்னடி" என்று சொல்லிவிட்டு ஆட்டுப்பட்டிக்குப் போய் அழுதார்.

உங்கள் படையில் பாதிப் பேர் உயிரோடு இல்லை என்று துறையில் கப்பல்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். நான் அழவில்லை. அழுகை வரவில்லை, அவ்வளவுதான். பயமாக இருக்கிறது.

நீங்கள் ஊருக்கு வந்துதான் படுக்க வேண்டும் என்பதில்லை. அங்கேயே படுங்கள். கூட இருக்கும் நம் ஆள் ஒருவர் வந்து சாட்சி சொன்னால் போதும் என்று பெரியவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கடிதம் கிடைத்த அன்றே படுங்கள். யார் சிரித்தாலும் நன்றாக முனகுங்கள்.

நம் தெய்வம் உங்கள் தலைமாட்டில் நிற்கட்டும். பதினோராம் நாள் எழுந்துவிடுங்கள். எப்படியாவது எழுந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளையைப் பெற்ற
நனசா