ரெண்டு பட்டமும் ஒரு கையெழுத்தும்

பாளையங்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சுகிர்தாவுக்கு அப்பா எழுதுவது. நெல்லையப்பர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் நல்ல சுகம். அந்த வெளிநாட்டுக் குளிருக்கு உன் உடம்பு எப்படி இருக்கிறதோ என்றுதான் கவலை. போனில் பேசினால் சத்தம் போட்டுவிடுவேன், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். உன் அத்தை மகன் குருபிரசாத் புதன்கிழமை அங்கே கிளம்புகிறான், பருப்புப்பொடியோடு இதையும் கொடுத்துவிடுகிறேன்.

போன வியாழக்கிழமை கங்கைகொண்டான் ஃபேக்டரியில் ஷிப்டில் இருக்கும்போது இங்கே உன் கல்லூரியிலிருந்து தேவசிகாமணி சார் கூப்பிட்டார். உங்கள் இரட்டைப் பட்டப் படிப்பைப் பார்த்துக்கொள்கிறவராச்சே, மார்க் விஷயம் என்று நினைத்துப் போனேன். நீ அனுப்பிய மெயிலை வாசித்துக் காட்டினார். இன்ஜினியரிங் வேண்டாம், இயற்பியலை மட்டும் முடித்துக்கொள்கிறேன், வழி உண்டா என்று கேட்டிருக்கிறாய். இங்கே மூன்று வருஷம் இயற்பியல், அங்கே இரண்டு வருஷம் இன்ஜினியரிங், கடைசியில் இரண்டு பட்டமும் சேர்த்துத்தான் தருவார்கள், நடுவில் விட்டால் ஒன்றுமே கிடைக்காதே என்று அவரிடமே கத்திவிட்டேன். அவர் கோபப்படாமல், அண்ணாச்சி, பைய உக்காருங்க, பிள்ளை திரும்பி வந்து இங்கன ஒரு வருஷம் இருந்து பாக்கிப் பாடத்தை எழுதினா இயற்பியல் பட்டத்தை வாங்கிரலாம், ஆனா அதுக்கு இடம் பிடிச்சு வைக்க நாளைக்குள்ள தகப்பனார் கையெழுத்து வேணும் என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னால் அவள் அதிரவே இல்லை. தீபாவளிக்கே எங்கிட்ட சொல்லி அழுதா, நீங்க ஏசுவியன்னு பயப்படுதா என்கிறாள். இத்தனை மாசம் எனக்கு மட்டும் தெரியாது. பைக்கை எடுத்துக்கொண்டு முக்கூடல் வரைக்கும் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

நீ இயற்பியல்தான் படிப்பேன் என்று நின்றாய், இன்ஜினியரிங் கேட்டது நான். டிப்ளமோவை வைத்துக்கொண்டு இருபத்தாறு வருஷமாக ஃபேக்டரியில் நிற்கிறேன், நேற்று வந்தவன் பி.இ. என்று எனக்கு மேலே உட்காருகிறான். இந்தப் படிப்பைப் பற்றிக் கேள்விப்பட்டதும் உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு என்று சிரித்தேனே, அப்போது நீ சிரித்தாயா என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை. எனக்கு வேண்டிய பட்டத்தையும் நீதான் கண்முழித்துப் படிக்க வேண்டும் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை கல்லூரிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். முதல் தடவை கோணலாகப் போய், ஆபீஸ் இசக்கியம்மாவிடம் இன்னொரு ஃபாரம் வாங்கிப் போட்டேன். உன்னை வரச் சொல்லவில்லை மகளே. இடம் ஜூன் வரைக்கும் இருக்கும். அங்கேயே முடிக்கிறேன் என்றால் முடி, முடியவில்லை என்றால் வா. எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை, பொய் சொல்லமாட்டேன். நேற்றுக் காலையில்கூட ஃபாரத்தைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று செருப்பை மாட்டிவிட்டேன். அம்மா பைக் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. தலைக்கு ஈரத்தோடு வெளியே போகாதே. காந்திமதி அம்மன் உனக்குத் துணை இருப்பாள். எந்த முடிவென்றாலும் உன் வாயால் எனக்குச் சொல்லு, இன்னொருவர் வாசித்துக் கேட்கும்படி வைக்காதே.

இப்படிக்கு உன் அப்பா,
சிவசண்முகம்